விளைபொருள் எச்சங்களும் காளைக்கன்று வளர்ப்பும்: தேவிகுளம் மலைப்பகுதியை முன்வைத்து

1. பொருளும் எல்லையும்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த தேவிகுளம் வட்டம், தேயிலைத் தோட்டங்களும் ஏலக்காடுகளும் சோலைப் புல்வெளிகளும் ஒன்றையொன்று நெருக்கி நிற்கும் மலைநாடாகும். மேற்கே மூணாறு பெருமழை பெற, மலையின் கிழக்குச் சரிவில் மழைமறைவில் அமைந்த மறையூரும் காந்தளூரும் அடங்கிய அஞ்சுநாட்டுப் பள்ளத்தாக்கு கரும்பும் காய்கறியும் விளையும் வறண்ட நிலமாக அமைந்திருக்கிறது. தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் லயங்கள் எனப்படும் வரிசைக் குடியிருப்புகளை ஒட்டியும், அஞ்சுநாட்டு உழவர்கள் தம் வீடுகளை ஒட்டியும் மாடு வளர்த்துவரும் இப்பகுதியில், விளைபொருள்களைப் பதப்படுத்தும்போது எஞ்சுகின்ற சக்கை, தவிடு, புண்ணாக்கு, தோல் முதலியவற்றைக் கொண்டு இறைச்சிக்கான காளைக்கன்றுகளை எடை கூட்டி வளர்க்க இயலுமா, இயலுமாயின் எந்த எல்லைக்குள் இயலும் என்பதே இவ்வுரையின் ஆய்வுப்பொருள்.

இங்குத் ‘துணைப்பொருள்’ என்பது, ஒரு விளைபொருளிலிருந்து மனிதர் தமக்கு வேண்டியதைப் பிரித்தெடுத்த பின் எஞ்சும் பகுதியைக் குறிக்கும். நெல்லிலிருந்து அரிசி பிரியும்போது தவிடும், எள்ளிலிருந்து எண்ணெய் பிரியும்போது புண்ணாக்கும், மரவள்ளியிலிருந்து மாவு பிரியும்போது திப்பியும் எஞ்சுகின்றன. அறுவடைக்குப் பின் வயலில் நிற்கும் வைக்கோல், கரும்பின் கொழுந்தாடை ஆகியவை பயிர்க்கழிவு எனத் தனியே பகுக்கப்படுவது உண்டெனினும், தீவனக் கணக்கில் அவற்றையும் சேர்த்தே எண்ணவேண்டியிருப்பதால் இவ்வுரை இரண்டையும் ஒருங்கே எடுத்துக்கொள்கிறது.

2. மலையில் மேய்ச்சலின் எல்லை

தேவிகுளத்தில் மாட்டுத்தீவனம் ஏன் எச்சப்பொருள்களைச் சார்ந்திருக்க வேண்டும் என்பதற்கு நிலத்தின் அமைப்பே முதற்காரணம். பச்சைப் பசேலெனத் தோன்றும் மலைச்சரிவுகளில் பெரும்பகுதி தேயிலைக்கு உரியது. உயர்மலைப் புல்வெளிகளோ வரையாட்டின் வாழிடம் என்ற வகையில் 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இரவிகுளம் உள்ளிட்ட பாதுகாக்கப்பட்ட காடுகளுக்குள் அடங்குகின்றன. ஏலக்காட்டு நிலமும் வேறு பயிருக்கு மாற இடமற்றது. எனவே மாட்டுக்கெனத் தானியமோ தீவனப்புல்லோ பரந்த அளவில் பயிரிடும் வாய்ப்பு இங்கு இல்லை.

இந்நிலை தேவிகுளத்துக்கு மட்டும் உரியதன்று. இந்தியா முழுமைக்கும் பசுந்தீவனத்தில் ஏறத்தாழ 11 விழுக்காடும், உலர்தீவனத்தில் 23 விழுக்காடும், புரதமும் மாவுப்பொருளும் செறிந்த அடர்தீவனத்தில் 29 விழுக்காடும் பற்றாக்குறை நிலவுவதாக ஜான்சியிலுள்ள இந்தியப் புல்வெளி மற்றும் தீவன ஆராய்ச்சி நிறுவனத்தைச் சார்ந்த மதிப்பீடுகள் கூறுகின்றன. கேரளமோ தன் அரிசித் தேவையின் பெரும்பகுதியையே வெளி மாநிலங்களிலிருந்து பெறுவதால், மாட்டுக்கு மக்காச்சோளம் கொடுத்துக் கொழுக்க வைக்கும் அமெரிக்க முறையை இங்குப் பெயர்த்து நடுவது பொருளாதாரத்துக்கும் அறத்துக்கும் ஒவ்வாது. உலகக் கால்நடைகள் உண்ணும் தீவனத்தில், உலர்பொருள் கணக்கில், 86 விழுக்காடு மனிதர் உண்ண இயலாத பொருள்களே என ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பைச் சார்ந்த ஆய்வாளர்கள் 2017இல் கணக்கிட்டுக் காட்டினர். மனிதர் உண்ண இயலாததை மனிதர் உண்ணத்தக்கதாக மாற்றித் தருவதில்தான் அசைபோடும் விலங்கின் தனித்திறன் அடங்கியிருக்கிறது.

3. எஞ்சிய கன்றும் எஞ்சிய தீவனமும்

1963ஆம் ஆண்டு இந்தியாவுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடையே ஏற்பட்ட உடன்பாட்டின்படி தேவிகுளம் வட்டத்தின் மாட்டுப்பட்டியில் தொடங்கிய இந்தோ-சுவிஸ் திட்டம், பிரவுன் சுவிஸ் காளைகளை உள்நாட்டுப் பசுக்களோடு கலந்து ‘சுனந்தினி’ என்னும் கலப்பினத்தை உருவாக்கியது. பின்னர் இப்பணியை ஏற்ற கேரளக் கால்நடை வளர்ச்சி வாரியம் மாட்டுப்பட்டியிலும் பாலக்காட்டை அடுத்த தோணியிலும் உறைவிந்து நிலையங்களை நடத்திவருகிறது. கேரளத்தின் பால் உற்பத்தி இம்முயற்சியால் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை.

ஆயினும் பிறக்கும் கன்றுகளில் பாதி காளைக்கன்று. செயற்கைக் கருவூட்டலுக்குத் தேர்ந்தெடுத்த சில காளைகளே போதுமாகையாலும், உழவும் வண்டியும் இயந்திரத்துக்கு மாறிவிட்டதாலும், பால்மாட்டு வளர்ப்பில் காளைக்கன்று வேண்டாத பிறவியாகிப் பாலும் தீவனமும் குறைந்து நலிகிறது. அல்லது மிக இளமையிலேயே கைமாறுகிறது. பால் தொழிலின் துணைப்பொருளாகிய இக்கன்றுக்கு வேளாண்மைத் துணைப்பொருளை ஊட்டி வளர்ப்பது, இரண்டு இழப்புகளை ஒரே முயற்சியால் ஈடுசெய்யும் வழியாகும். மாட்டிறைச்சி பொது உணவாக வழங்கும் கேரளத்தில் இதற்குச் சந்தை புதிதாகத் தேடவேண்டியதில்லை. பாலக்காட்டு வாணியங்குளம் மாட்டுச் சந்தை நெடுங்காலமாக இயங்கிவருகிறது. கூத்தாட்டுக்குளத்தில் 1973இல் நிறுவப்பட்ட அரசு நிறுவனமான ‘மீட் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா’ இறைச்சியைத் தூய்மையாகப் பதப்படுத்தி விற்றுவருகிறது.

4. இரைப்பைக்குள் நிகழ்வது

எச்சப்பொருள் இறைச்சியாகும் வகையை உணராமல் தீவனம் வகுக்க இயலாது. மாட்டின் நான்கு அறை வயிற்றில் முதலாவதும் பெரியதுமான அசையூண் இரைப்பையில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவை வைக்கோலின் நாரை நொதிக்கச் செய்து, மாடு ஆற்றலாகப் பயன்படுத்தத்தக்க அமிலங்களாக மாற்றுகின்றன. தீவனத்திலுள்ள தழைச்சத்தைக் கொண்டு தம் உடலைப் பெருக்குகின்றன. பின்னர் அடுத்த அறைகளுக்குச் சென்று தாமே செரிக்கப்பட்டு மாட்டுக்குப் புரதமாகின்றன. ஆகவே மாட்டுக்குத் தீவனமிடுவது என்பது முதலில் இந்நுண்ணுயிர்களுக்கு உணவிடுவதேயாகும். அவற்றுக்கு ஆற்றலும் தழைச்சத்தும் ஒரே வேளையில் கிடைத்தாலன்றி இரண்டும் வீணாகும்.

இதனால் ஒவ்வோர் எச்சப்பொருளையும் மூன்று வகையுள் ஒன்றில் வைத்துப் பார்க்கவேண்டும். வைக்கோல், கொழுந்தாடை போன்றவை நார் தருவன. திப்பி, வெல்லப்பாகு, பழச்சக்கை போன்றவை விரைவில் கரையும் ஆற்றல் தருவன. புண்ணாக்கு வகைகள் புரதம் தருவன. தவிடும் பருப்பு ஆலைகளின் உளுந்துப் பொட்டு, துவரம்பொட்டு ஆகியவையும் இடைநிலையில் நிற்பவை. ஒரு வகையை மட்டும் மலிவு கருதி மிகுதியாக இடுவதே எச்சத்தீவன முயற்சிகள் தோற்பதற்கு முதன்மைக் காரணம்.

எடுத்துக்காட்டாக, 200 கிலோ எடையுள்ள கன்று ஒன்று தன் எடையில் 2.5 விழுக்காடு, அதாவது நாளொன்றுக்கு 5 கிலோ உலர்பொருள் உண்ணும் எனக் கொள்ளலாம். உலர்பொருள் என்பது ஈரத்தை முற்றும் நீக்கியபின் நிற்கும் எடை. அக்கன்று நாள்தோறும் அரைக்கிலோ அளவில் எடை கூட வேண்டுமாயின் அத்தீவனத்தில் ஏறத்தாழ 12 விழுக்காடு, அதாவது 600 கிராம் புரதம் இருத்தல் நன்று. பாதி வைக்கோலும் பாதி திப்பியும் கொடுத்தால், வைக்கோலில் 3.5 விழுக்காடும் திப்பியில் 2.5 விழுக்காடும் புரதம் எனக் கொண்டு கணக்கிட, கிடைப்பது 150 கிராமே. கன்றின் வயிறு நிறையும், தசை வளராது. அதே 5 கிலோவை, யூரியாவால் செம்மைசெய்த வைக்கோல் 2.5 கிலோ, திப்பி 1 கிலோ, தேங்காய்ப் புண்ணாக்கு 1 கிலோ, கடலைப் புண்ணாக்கு அரைக்கிலோ எனப் பகிர்ந்தால் புரதம் 600 கிராமைத் தாண்டுகிறது. திப்பி இரண்டு தீவனத்திலும் உண்டு. முன்னதில் அது உணவின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, பின்னதில் புண்ணாக்கின் புரதத்துக்கு வேண்டிய ஆற்றலை நுண்ணுயிர்களுக்கு அளிக்கிறது.

வைக்கோலைச் செம்மைசெய்யும் முறை எளியது. 100 கிலோ உலர்ந்த வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 முதல் 60 லிட்டர் நீரில் கரைத்து அடுக்கடுக்காகத் தெளித்து, மிதித்து இறுக்கி, காற்றுப் புகாமல் மூடி மூன்று வாரம் வைத்தால், யூரியாவிலிருந்து வெளிப்படும் அம்மோனியா நாரை நெகிழ்த்திச் செரிமானத்தைக் கூட்டுவதோடு புரத அளவையும் ஏறத்தாழ இரு மடங்காக்குகிறது. எனினும் இதை ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்குக் கொடுத்தலும், யூரியாக் கரைசலை மாடு குடிக்க நேர்வதும் உயிருக்கே தீங்காகும்.

5. தேவிகுளத்தைச் சுற்றியுள்ள எச்சங்கள்

இப்பகுதிக்கு எட்டும் எச்சப்பொருள்களில் முதலில் எண்ணத்தக்கது கரும்பு. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் உருண்டை வெல்லம் காய்ச்சப்படும் ஆலைகளில், சாறு பிழிந்தபின் எஞ்சும் சக்கை உலர்த்தப்பட்டு அதே அடுப்புக்கு விறகாகிறது. சக்கையில் புரதம் 2 விழுக்காடு அளவே. நாரோ எளிதில் செரிக்காதது. அதை மாட்டுக்குத் திருப்பினால் கொப்பரைக்கு வேறு விறகு தேடவேண்டும்; அத்தேடல் சந்தனக்காடுகள் சூழ்ந்த இப்பகுதியில் காட்டை நோக்கியே செல்லும். ஆகவே மறையூரில் சக்கை தீவனமாவதை விடக் கொழுந்தாடை தீவனமாவதே தக்கது. அறுவடைக் காலத்தில் ஒருசேரக் கிடைக்கும் கொழுந்தாடையைச் சிறு துண்டுகளாக நறுக்கி, காற்றில்லாக் குழியிலோ பையிலோ இறுக்கி நொதிக்கவைத்துப் பதனத்தீவனமாக்கினால், அதாவது ஊறுகாய்ப்புல்லாக்கினால், மழையற்ற மாதங்களுக்கும் அது நிற்கும். வெல்லப்பாகு சர்க்கரை ஆலைகளில் மிகுதியாகப் பிரியுமாயினும், சாற்றை முழுதும் இறுக்கும் உருண்டை வெல்ல முறையில் அது பிரிவதில்லை.

இரண்டாவது மரவள்ளி. திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் இக்கிழங்கைப் பரப்ப ஊக்கமளித்தார். இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்றபோது அது ஏழையரின் உயிர்காத்த உணவாயிற்று. திருவனந்தபுரத்தின் ஸ்ரீகாரியத்தில் 1963இல் நிறுவப்பட்ட நடுவண் கிழங்குப்பயிர் ஆராய்ச்சி நிலையம் இதன் ஆய்வுக்குத் தலைமையிடம். இடுக்கியில் மரவள்ளி பெரும்பாலும் வீட்டு உணவாகவே செல்வதால் இங்குத் தோலும் இலையும் எஞ்சும். மாவும் ஜவ்வரிசியும் ஆக்கும் சேலம் வட்டார ஆலைகளில் மாவு எடுத்தபின் எஞ்சும் நார்த்திப்பியும் தோலும் பெருமளவில் கிடைக்கின்றன. 1981இல் தோன்றிய ‘சேகோசர்வ்’ கூட்டுறவுச் சங்கம் அத்தொழிலின் விற்பனைக் களம். ஆற்றல் நிறைந்தும் புரதம் வறண்டும் உள்ள திப்பிக்குப் புண்ணாக்கோ பயறுவகைத் தழையோ துணையிருந்தாலன்றிப் பயனில்லை. பச்சைத் தோலும் இலையும் சயனைடு நச்சுப்பொருள் வெளிப்படுத்துவன ஆதலால், நறுக்கி வெயிலில் உலர்த்தியே கொடுக்கவேண்டும்.

ஈரத்தின் கணக்கும் இங்கு நினைவில் நிற்கவேண்டியது. ஆலையிலிருந்து வரும் ஈரத் திப்பியிலும் பீர்த் தொழிற்சாலையின் பார்லிச் சக்கையிலும் பத்தில் எட்டுப் பங்கு அளவுக்கு நீரே இருக்கக்கூடும். 10 கிலோ சக்கை வாங்கி மலையேற்றுவோர் உண்மையில் 2 கிலோ தீவனத்துக்கும் 8 கிலோ நீருக்கும் வண்டிக்கூலி கொடுக்கின்றனர். சமவெளியில் மலிவாகத் தோன்றும் ஈரச்சக்கை, உடுமலைப்பேட்டைச் சாலையிலோ போடிச் சாலையிலோ மலை ஏறி முடிக்கும்போது உலர்ந்த தவிட்டைவிட விலை கூடியதாகிவிடும்.

மூன்றாவது தேங்காய், நெல் ஆகியவற்றின் எச்சங்கள். இரிஞ்ஞாலக்குடையில் 1963இல் நிறுவப்பட்ட கே.எஸ்.இ. நிறுவனம் தேங்காய்ப் புண்ணாக்கிலிருந்து எஞ்சிய எண்ணெயைக் கரைப்பான் கொண்டு பிரித்தெடுத்து, அப்புண்ணாக்கை மாட்டுத்தீவனத்துக்குப் பயன்படுத்தும் முறையில் முன்னோடியாக விளங்கியது. கல்லேற்றுங்கரையில் இயங்கும் அரசின் கேரளா ஃபீட்ஸும், கேரளப் பால் கூட்டுறவு இணையமான மில்மாவின் பாலக்காட்டு மலம்புழை, ஆலப்புழைப் பட்டணக்காடு ஆலைகளும் கலவைத்தீவனம் ஆக்குகின்றன. பாலக்காட்டு நெல்லாலைத் தவிடு இக்கலவைகளின் முதன்மைப் பொருள்களுள் ஒன்று. ஆனால் எண்ணெய் நீக்காத தவிட்டையும் செக்குப் புண்ணாக்கையும் மிகுத்துக் கொடுத்தால் கொழுப்பு நாரின் செரிமானத்தைக் கெடுக்கும். ஈரமான மலையில் அவை விரைவில் ஊசிப்போகவும் செய்யும். மேலும் தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச்சத்து குறைவு. இவ்விரண்டின் விகிதம் தவறினால் காளைக்கன்றுகளுக்குச் சிறுநீர்ப்பாதையில் கல் தோன்றும். ஆண் கன்றுகளின் சிறுநீர்ப்பாதை குறுகியிருப்பதால் இது உயிருக்கே அச்சமாகும். ஆகவே தவிடு மிகுந்த தீவனத்தோடு சுண்ணாம்புச்சத்தும் தாது உப்புக் கலவையும் குடிநீரும் குறைவின்றி அளிக்கவேண்டும்.

நான்காவதாகத் தேயிலை, காப்பி, கொக்கோ ஆகியவற்றின் எச்சங்கள் தோட்டப்பகுதிக்கு அருகிலேயே கிடைப்பினும் தீவனமாக எளிதில் பயன்படுவதில்லை. தேயிலையின் தானின் என்னும் துவர்ப்பொருள் புரதத்தைப் பிணைத்து மாட்டுக்குக் கிடைக்காமல் செய்கிறது; காப்பிச் சதைத்தோலில் காஃபீனும், கொக்கோ ஓட்டில் தியோபுரோமீனும் உள்ளன. தேயிலைக் கழிவு கலப்படத்துக்குச் செல்லாதிருக்க 1959ஆம் ஆண்டின் தேயிலைக் கழிவு (கட்டுப்பாடு) ஆணை அதன் வாணிகத்தை உரிமத்துக்கு உட்படுத்தியும் இருக்கிறது. இவை உரமாகத் திரும்புவதே நிலத்துக்கு நன்று. வட்டவடை, காந்தளூர் ஆகிய ஊர்களின் முட்டைக்கோஸ் வெளியிலை, காரட் தழை முதலியவை நல்ல பசுந்தீவனமாயினும், பூச்சிமருந்து தெளித்தபின் விடவேண்டிய இடைவெளி காக்கப்பட்டதாக உறுதியான தோட்டத்திலிருந்தே பெறவேண்டும். மூவாற்றுப்புழையை அடுத்த வாழக்குளம் அன்னாசிக்குப் பெயர்பெற்றது. பெங்களூரிலுள்ள தேசியக் கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம் அன்னாசிக் கழிவைப் பதனத்தீவனமாக்கும் முறையை வகுத்திருப்பது, ஈரமான பழக்கழிவுக்கும் வழியுண்டு என்பதைக் காட்டுகிறது.

6. தீங்கின் வாயில்கள்

எச்சப்பொருளில் சத்துச் செறிவதுபோல நஞ்சும் செறியும். கடலைப் புண்ணாக்கிலும் தேங்காய்ப் புண்ணாக்கிலும் ஈரத்தில் வளரும் பூஞ்சை அஃப்ளடாக்சின் என்னும் நச்சை உண்டாக்குகிறது; பால்மாட்டில் அது பாலுக்கும் கடக்கும். கலவைத்தீவனத்துக்கான இந்தியத் தரநிர்ணயம், ஐ.எஸ். 2052, இதன் பி1 வகையை ஒரு கிலோவுக்கு 20 மைக்ரோகிராமுக்குள் வரையறுக்கிறது. மூட்டையில் வாங்கும் தனிப் புண்ணாக்குக்குச் சிற்றூரில் இச்சோதனை நிகழ்வது அரிது. எத்தனால் ஆலைகள் பெருகியதால் சந்தைக்கு வந்துள்ள மக்காச்சோள, அரிசி வடிப்பகச் சக்கையிலும், மாவுப்பொருள் நீங்கியபின் எஞ்சுவதால், தானியத்திலிருந்த பூஞ்சை நச்சு ஏறத்தாழ மும்மடங்காகச் செறியும்.

பலாப்பழம், மிகுந்த கஞ்சி, பழத்தோல் ஆகியவற்றைத் திடீரென அளவின்றிக் கொடுப்பதால் இரைப்பை அமிலமாகி மாடு சாய்வது கேரளக் கிராமங்களில் நன்கு அறியப்பட்ட கேடு. புதிய தீவனத்தை ஓரிரு வாரம் பரப்பிச் சிறிது சிறிதாக ஏற்றுவதே இதற்குத் தடுப்பு. எஞ்சியதெல்லாம் தீவனமாகும் என்ற எண்ணம் எங்குக் கொண்டுபோய் விடும் என்பதற்குப் பிரிட்டனில் 1986இல் கண்டறியப்பட்ட பித்துமாட்டு நோய் சான்று. அசைபோடும் விலங்குகளின் இறைச்சி எலும்புத் தூளை மாட்டுக்கே ஊட்டியதால் பரவிய அந்நோயின் பின், 1988இல் அங்கு அவ்வழக்கம் தடைசெய்யப்பட்டது.

7. முறைப்படுத்தும் வழி

மேற்கூறியவற்றால் தெளிவாவது, எச்சப்பொருளை மூன்று வினாக்களால் சோதித்தபின்னரே தீவனமாக ஏற்கவேண்டும் என்பது. அதன் உலர்பொருள் ஒரு கிலோவுக்கு மலையடைந்த விலை என்ன? அது ஆற்றல், புரதம், நார் ஆகியவற்றுள் எதைத் தருகிறது, எதை மறுக்கிறது? அதற்கு ஏற்கெனவே உரியோர் யாவர், அதாவது அது அடுப்பிலிருந்தோ வயலிலிருந்தோ பறிக்கப்படுகிறதா? சந்தை விலை ஒன்றையே கண்டு வாங்குவோர் இம்மூன்றில் ஒன்றையேனும் தவறவிடுவர்.

தனியொரு குடும்பம் இவற்றை முழுதும் நிறைவேற்றுவது கடினம். புண்ணாக்கை உலர்ந்த தரையுள்ள கிடங்கில் தேக்குவதும், அறுவடைக் காலத்தில் கொழுந்தாடையைப் பதனமாக்குவதும், கூட்டாக வாங்கிய தீவனத்தை ஆய்வகத்துக்கு அனுப்புவதும் பால் கூட்டுறவுச் சங்கங்களுக்கு இயல்பாக அமையும் பணிகள். மிளகுக்கொடிக்குத் தாங்குமரமாக நிற்கும் கல்யாண முருங்கை, கிளைரிசிடியா ஆகியவற்றின் தழை, விலைகொடுத்து வாங்கும் புண்ணாக்கில் ஒரு பகுதியை மாற்றத்தக்க புரதமாகும். அதை வெட்டும் காலத்தை மாட்டுத்தேவையோடு இணைத்தல் செலவற்ற சீர்திருத்தம். 2010இல் பூக்கோட்டில் நிறுவப்பட்ட கேரளக் கால்நடை மருத்துவ மற்றும் விலங்கு அறிவியல் பல்கலைக்கழகம், மறையூரின் கொழுந்தாடையையும் இடுக்கியின் மரவள்ளித் தோலையும் முன்வைத்து உள்ளூருக்குரிய தீவனப் பட்டியல் வகுப்பதும், தமிழ்வழிக் கல்வி பெறும் தேவிகுளத்து மக்களுக்கு அதைத் தமிழில் அளிப்பதும் தேவை.

எச்சத்தால் கொழுப்பித்து வளர்ப்பது பெருந்தொழிலாகும் என எவரும் எதிர்பார்த்தல் வேண்டா. இம்மலையின் எச்சங்களின் அளவு அதற்கு இடந்தராது. ஒரு வீட்டுக்கு இரண்டு மூன்று கன்று என்ற அளவில், உள்ளூர் எச்சத்தை முதன்மையாகவும் வெளியிலிருந்து வரும் புண்ணாக்கைத் துணையாகவும் கொண்டு நிகழுமாயின், தோட்டக் கூலியை மட்டும் நம்பும் குடும்பத்துக்கு அது ஆண்டுக்கு ஒருமுறை கைக்கு வரும் முழுத்தொகையாகும். அதற்கு முதற்படியாக, தேவிகுளம் வட்டத்தின் பால் கூட்டுறவுச் சங்கங்கள் ஒவ்வொன்றும் தம் எல்லைக்குள் எந்த எச்சம் எந்த மாதத்தில் எவ்வளவு கிடைக்கிறது என்னும் பட்டியலை வரும் அறுவடைக்குள் தயாரித்து வெளியிடவேண்டும்.